தைக்காத பிளீஸ் போர்வை, மப்ளர், குல்லா: எங்கே பிசகும், எப்படிச் சரிசெய்வது

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுக் கூடத்தில் பிளீஸ் (fleece) என்கிற மெத்தென்ற, கதகதப்பான துணி விரிந்துவிடும். மாலை போட்ட சித்தப்பாவுக்குக் கறுப்பு மப்ளர், கொடைக்கானலில் வேலை கிடைத்துப் போன தங்கச்சி மகனுக்குக் குல்லா, பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏசி பெட்டியில் அடிக்கடி சென்னை போய் வரும் நாத்தனாருக்கு மடிப் போர்வை என்று பட்டியல் நீளும். மதுரை வெயிலுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள், ஆஸ்பத்திரி ஏசி அறையில் படுத்திருக்கும் பெரியவர்களின் பாதத்தை ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும்.

ஊசி நூல் வேண்டாம். கத்தரிக்கோலும் கையும் போதும். பிளீஸ் பின்னப்பட்ட துணி என்பதால் வெட்டிய ஓரம் நூல் நூலாகப் பிரியாது. அதனால்தான் தைக்காமலே விட முடிகிறது. ஆனால் செய்து முடித்த பிறகு செல்லூரில் எங்கள் தெருப் பிள்ளைகள் அதைச் சுருட்டிக்கொண்டு வந்து, "அக்கா, இது ஏன் இப்படி நிக்குது?" என்று நீட்டுவார்கள். வருகிற கோளாறுகள் வருடா வருடம் அதேதான். அவற்றை ஒவ்வொன்றாக எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் பாருங்கள்.

எதற்கும் முன்னால்: இரண்டு சோதனை

*இழுப்புச் சோதனை.* துணியை 4 அங்குலம் பிடித்து நீளவாக்கில் இழுங்கள், அப்புறம் குறுக்குவாக்கில் இழுங்கள். ஒரு பக்கம் லேசாகத்தான் கொடுக்கும், இன்னொரு பக்கம் நன்றாக நீளும். நீளுகிற பக்கத்தைச் சுண்ணக்கட்டியால் அம்புக்குறி போட்டு வையுங்கள். கீழே வரும் கோளாறுகளில் சில இந்த அம்புக்குறி போடாததால் வருபவை.

*தீச் சோதனை.* நம் பக்கம் கடையில் "பிளீஸ்" என்று கேட்டால் இரண்டு விதமான துணியைக் காட்டுவார்கள். ஒன்று, இரண்டு பக்கமும் மெத்தென்று இருக்கும் பாலியஸ்டர். இன்னொன்று, டி-சர்ட் மாதிரி வெளிப்பக்கமும் உள்ளே பஞ்சு கிளப்பிய பக்கமுமாக இருக்கும் பருத்திப் பின்னல் துணி. தைக்காத வேலைக்கு முதலாவதுதான் சரி. சந்தேகம் இருந்தால் விரல் நக அளவுத் துண்டை இடுக்கியில் பிடித்து, கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்து, தீயருகே கொண்டு போங்கள். பாலியஸ்டர் தீயைக் கண்டு பின்வாங்கிச் சுருங்கி, உருகி, ஆறியதும் கறுத்த மணியாக இறுகும். பருத்தி காகிதம்போல் எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பிள்ளைகளை இதைச் செய்ய விடாதீர்கள். உருகிய சொட்டு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும்.

போர்வை தட்டையாகப் படுக்காமல் கிண்ணம்போல் குழிகிறது

என்னிடம் வருவதில் பெரும்பாலானவை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டு அடுக்குப் போர்வையின் கணக்கு இது. 60 × 90 அங்குல ஏசி போர்வை ஒன்றை வாங்கி, ஓரத்து மடிப்பை வெட்டிவிட்டு, நடுவில் பாதியாக்கினால் ஏறக்குறைய 60 × 45 அளவில் இரண்டு துண்டு கிடைக்கும். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, நான்கு மூலையிலும் 4 அங்குலச் சதுரத்தை வெட்டி எடுத்து, சுற்றிலும் 1 அங்குல அகலம் 4 அங்குல நீளத்தில் பட்டை வெட்டி, மேல் பட்டையையும் கீழ்ப் பட்டையையும் சேர்த்து முடிய வேண்டும். நீளப் பக்கத்துக்கு 52, அகலப் பக்கத்துக்கு 37. மொத்தம் 178 முடிச்சு. ஒவ்வொரு முடிச்சும் விளிம்பைத் துளி இழுத்தாலும், 178 துளி சேர்ந்தால் போர்வையே தூக்கிக்கொள்ளும்.

*முடிச்சு இறுக்கமா?* முதலில் பார்க்க வேண்டியது இது. முடிச்சு விளிம்பின்மேல் உட்கார வேண்டும், விளிம்பைக் கவ்வக் கூடாது. போர்வையைத் தரையில் விரித்து, முடிச்சுக்கு அடியில் ஆள்காட்டி விரலை வையுங்கள். அங்கே துணி மடிப்பு மடிப்பாகக் கூடியிருந்தால் இறுக்கம்தான் காரணம். அவிழ்க்கக் கத்தரி வேண்டாம். குரோஷா ஊசி (நுனியில் கொக்கி உள்ள பின்னல் ஊசி) அல்லது பெரிய ஊக்கை முடிச்சின் நடுவில் நுழைத்து, ஊக்கை மெல்ல ஆட்டினால் வாய் திறக்கும். எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டிய அவசியமும் இல்லை. மூலையிலிருந்து தொடங்கி ஒன்று விட்டு ஒன்றாகத் தளர்த்திப் பாருங்கள். பாதிப் போர்வை வரும்போதே படிந்துவிடுவது உண்டு.

*மூலைச் சதுரம் வெட்டினீர்களா?* மூலை மட்டும் குவிந்து நின்றால் இதைப் பாருங்கள். மூலையின் இருபக்கமும் கடைசி நான்கு முடிச்சுகளை அவிழ்த்து, சதுரத்தை இப்போது வெட்டிவிட்டுத் திரும்ப முடிந்தால் சரியாகிவிடும்.

*பட்டை அகலமா?* 1 அங்குலத்துக்கு மேல் போனால் முடிச்சு தடித்து, பக்கத்து முடிச்சைத் தள்ளும். ஒவ்வொரு பட்டையையும் ஓரத்தில் மெலிதாகச் சீவி அகலத்தைக் குறையுங்கள்.

*இரண்டு துண்டும் ஒரே அளவா?* கட்டிலில் வைத்து வெட்டுகிறவர்களுக்கு இது நடக்கும். துணியின் ஒரு பாதி கட்டிலுக்குக் கீழே தொங்கும்போது அதன் பாரமே துணியை இழுத்துவிடும். வெட்டும்போது சரியாக இருந்தது, காலையில் பார்த்தால் ஒன்று அரை அங்குலம் குட்டை. முடிச்சை அவிழ்த்து, இரண்டையும் தரையில் ஓர் இரவு சும்மா கிடக்க விட்டு, மறுநாள் சேர்த்து வைத்துச் சமமாக வெட்டுங்கள்.

*இரண்டின் இழுப்பும் ஒரே வாக்கில் இருக்கிறதா?* மேல் துணி நீளவாக்கில் கொடுக்கிறது, கீழ்த் துணி குறுக்குவாக்கில் கொடுக்கிறது என்றால் முடிச்சை எவ்வளவு தளர்த்தினாலும் படியாது. மடித்து எடுத்தாலே முறுக்கிக்கொள்ளும். இதற்குக் கைவைத்தியம் கிடையாது. பிரித்து, இரண்டு ஒற்றைப் போர்வையாக்குவதுதான் வழி. ஒரு பரிசுக்கு இரண்டு பரிசாகக் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம், துணி வீணில்லை.

*முடிச்சே வேண்டாம் என்றால்.* எனக்கு இப்போதெல்லாம் இந்த முறைதான் பிடித்திருக்கிறது. பட்டை துணியோடு சேரும் இடத்தில் அதை நெட்டாக மடித்து, மடிப்பின் நடுவில் கால் அங்குலம் மட்டும் கத்தரியால் நறுக்குங்கள். பிரித்தால் சட்டைப் பொத்தான் ஓட்டை மாதிரிச் சின்னக் கண் தெரியும். பட்டையின் நுனியைப் பின்பக்கமாகக் கொண்டு போய், குரோஷா ஊசியால் அந்தக் கண் வழியே முன்பக்கம் இழுங்கள். விளிம்பில் ஒரு சின்னப் பின்னல் விழுந்து நிற்கும். இரண்டு அடுக்கானால் இரண்டு பட்டையையும் சேர்த்து நறுக்கிச் சேர்த்தே இழுக்கலாம். குழிவு வராது. முதுகுக்கு அடியில் முடிச்சு உறுத்தாது என்பதால் படுக்கையில் இருக்கும் பெரியவர்களுக்கு இதையே செய்து கொடுங்கள்.

முடிச்சு அவிழ்ந்து அவிழ்ந்து வருகிறது

இது பெரும்பாலும் மேலே சொன்னதற்குப் பயந்து ரொம்பத் தளர்த்தியவர்களுக்கு வரும்.

முடியும் விதத்தைப் பாருங்கள். முதல் சுற்றில் வலது இடதின்மேல் போனால், இரண்டாவது சுற்றில் இடது வலதின்மேல் போக வேண்டும். இரண்டு முறையும் ஒரே பக்கம் போட்டால் முடிச்சு கோணலாக நின்று, துவைத்ததும் நழுவும். நேராகக் கிடக்கும் முடிச்சு சரி, குறுக்கே திரும்பி நிற்கும் முடிச்சு தப்பு. கண்ணால் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

பட்டை 3 அங்குலத்துக்குக் குறைந்தால் இரட்டை முடிச்சுக்கு நீளம் போதாது. வெட்டை இன்னும் 1 அங்குலம் உள்ளே கொண்டு போங்கள். போர்வை சுற்றிலும் அவ்வளவு சிறுக்கும், அவ்வளவுதான். அடர்த்தியான முடி உள்ள பட்டுப்போன்ற வகைத் துணி வாங்கியிருந்தால் அது எப்படி முடிந்தாலும் வழுக்கும். அதற்கு மேலே சொன்ன கண் முறைதான்.

குஞ்சம் நீண்டு கயிறாகிறது, அல்லது பிய்ந்து கையோடு வருகிறது

மப்ளரில் அதிகம் பார்க்கிறேன். 60 அங்குல அகலத் துணியின் குறுக்கே 10 அங்குலத்துக்கு ஒரு பட்டை வெட்டினால் சட்டென்று ஒரு மப்ளர் ஆகிவிடும். எல்லாரும் அப்படித்தான் வெட்டுகிறோம். ஆனால் அந்த வெட்டில் மப்ளரின் நீளம்தான் இழுபடும் வாக்கு. நுனிக் குஞ்சமும் அதே வாக்கில் இருப்பதால், பிள்ளைகள் இழுத்து விளையாடினால் நீண்டு மெலிந்து சுருண்டுவிடும்.

முதலில், இழுபட்ட குஞ்சத்தை ஈரக் கையால் நீவி, ஒரு நாள் தட்டையாக விடுங்கள். கொஞ்சம் திரும்பும். திரும்பாவிட்டால் இரண்டிரண்டு பட்டையைச் சேர்த்துத் துணியோரத்தில் ஒரு முடிச்சுப் போடுங்கள், சேலை முந்திக்குக் குச்சம் கட்டுவோமே, அதே மாதிரி. பாரம் இரண்டின்மேல் பிரிந்துவிடும். அதுவும் ஆகவில்லையா, குஞ்சத்தை மொத்தமாக வெட்டிவிட்டு நுனியை வளைவாக நறுக்கிவிடுங்கள். குஞ்சம் இல்லாத மப்ளர் ஆண்களுக்குப் பிடிக்கத்தான் செய்கிறது.

பிய்ந்து வருகிறது என்றால் வெட்டின் அடியைப் பாருங்கள். கத்தரியின் நுனி கொஞ்சம் சாய்ந்து போயிருந்தால் பட்டையின் அடி குறுகி, அங்கேதான் கிழியும். அடுத்த முறை துணியின்மேல் 4 அங்குலத்தில் ஒரு செலோ டேப்பை நீளமாக ஒட்டி, அதைத் தொடும்வரை மட்டும் வெட்டுங்கள்.

இரு சக்கர வண்டியில் பின்னால் உட்காருகிறவருக்குக் கொடுக்கிற மப்ளரானால் நீளத்தை 48 அங்குலத்தோடு நிறுத்துங்கள். துப்பட்டா சக்கரத்தில் சிக்குவது போலத்தான் இதுவும்.

ஓரம் சுருள்கிறது

வாங்கி வந்த துணியின் கரை சுருண்டிருந்தால் கவலையே வேண்டாம், இரண்டு பக்கமும் 1 அங்குலம் வெட்டி எறியுங்கள். வெட்டிய ஓரம் சுருண்டால், வெட்டும்போது இடது கையால் துணியை இழுத்துப் பிடித்தீர்களா என்று யோசியுங்கள். இழுபட்ட ஓரம் சுருளும். உள்ளங்கையால் துணியை அழுத்தி மட்டும் பிடிக்க வேண்டும்.

இதெல்லாம் இல்லாமலும் குழல் மாதிரிச் சுருண்டால் துணி பருத்திப் பின்னலாக இருக்கும். தீச் சோதனை செய்யுங்கள். பருத்தி என்று உறுதியானால் அதைக் கையால் நிறுத்த முடியாது, டெய்லரிடம் போக வேண்டிய இடம் இதுதான். ஓரத்தைச் சுற்றி நூல் பிடித்து அடிக்கும் ஓவர்லாக் மிஷின் வைத்திருப்பவராகப் பாருங்கள். மீனாட்சியம்மன் கோயில் எதிரே புது மண்டபத்தில் வரிசையாக மிஷின் போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டார்கள். கொடுக்கும்போது, "அண்ணே, இழுக்காம ஓவர்லாக் அடிச்சுக் கொடுங்க" என்று சொல்ல மறக்காதீர்கள். இழுத்து அடித்தால் ஓரம் அலை அலையாக நிற்கும், அப்புறம் அதைப் பிரித்துச் சரிசெய்வது பெரிய வேலை. முதலில் ஒரு கந்தல் துண்டைக் கொடுத்து அடிக்கச் சொல்லிப் பாருங்கள்.

வெட்டு பல் பல்லாக இருக்கிறது, பஞ்சு கொட்டுகிறது

வெட்டிய அன்று கொஞ்சம் தூள் உதிர்வது இயல்பு. மொட்டைமாடியில் நன்றாக உதறிவிட்டு, பார்சல் டேப்பைக் கையில் ஒட்டும் பக்கம் வெளியே தெரியச் சுற்றி ஓரத்தில் ஒற்றி எடுங்கள். கறுப்பு மப்ளரில் இது ரொம்ப முக்கியம். வெள்ளை நூல் ஒன்று ஒட்டினாலும் பளிச்சென்று தெரியும்.

ஓரம் கடித்த மாதிரி இருந்தால் கத்தரி மழுங்கியிருக்கிறது. துணிக் கத்தரியால் காகிதம் வெட்டுகிற வீடுகளில் இது நிச்சயம் நடக்கும். கத்தரியின் நுனியால் ஒற்றைத் துணியை நறுக்கிப் பாருங்கள், வெட்டாமல் இரண்டு அலகுக்கும் நடுவே மடிந்து நுழைந்தால் சாணை பிடிக்கும் நேரம் வந்துவிட்டது. தெருவில் சைக்கிளில் வருகிற சாணைக்காரரிடம் இது துணிக்கு என்று சொல்லிக் கொடுங்கள். அலகு ஆணியில் லொடலொடவென்று ஆடுகிறதா என்றும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள். ஆணி தளர்ந்திருந்தால் சாணை பிடித்தும் பயனில்லை. புதுக் கத்தரி வாங்குவது அதற்கும் அப்புறம்தான்.

குல்லா தலைக்கு ஏறவில்லை, அல்லது கண்ணில் வந்து விழுகிறது

துணியைத் தலையைச் சுற்றி வளைத்து, இரு ஓரத்துப் பட்டைகளையும் பின்பக்கம் சேர்த்து முடிகிற குல்லா இது. இதில் இழுபடும் வாக்கு தலையைச் சுற்றி வர வேண்டும். மேலும் கீழுமாகப் போனால் ஏறாது. போட்டிருக்கும் குல்லாவின் விளிம்பில் 4 அங்குலம் பிடித்து இழுங்கள், 5 அங்குலத்துக்கு வந்தால் வாக்கு சரி, அளவுதான் தப்பு. வரவில்லை என்றால் வாக்கே தப்பு. அந்தத் துணியை மடித்துத் தலைப்பட்டையாக்கி, குல்லாவைப் புதிதாக வெட்டிவிடுங்கள்.

வாக்கு சரியாக இருந்து இறுக்கமாக இருந்தால், பின்பக்க முடிச்சுகளை அவிழ்த்துப் பட்டையின் நுனிப் பக்கமாகத் தள்ளி முடியுங்கள், 1 அங்குலம் கிடைக்கும். தளர்வாக இருந்தால் வெட்டை உள்ளே கொண்டு போங்கள். பெரியவர்களுக்குத் தலைச்சுற்று 22 அங்குலம் என்று கணக்குப் போட்டே வெட்டிவிடுகிறோம். கொண்டை போடுகிற அம்மாக்களுக்கு அது செல்லாது. நூலால் அளந்து வாங்கி வரச் சொல்லுங்கள்.

பசை ஒட்டவில்லை, துணி உருகிவிட்டது

மப்ளரில் பூவோ பெயரின் முதல் எழுத்தோ ஒட்டும்போது வரும் கோளாறு. பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைப் பசை துவைத்தால் போய்விடும். குளூ கன் பசை ஒட்டும், ஆனால் ஆறியதும் கெட்டியாகிக் கழுத்தில் உறுத்தும். சூடு அதிகமானால் பஞ்சு படிந்து பளபளவென்று ஒரு தழும்பு விழும். அந்தத் தழும்பு திரும்பாது. அதன்மேல் இன்னொரு பூவை வைத்து மறைக்கத்தான் முடியும்.

துணிக்கென்றே விற்கும் பசையை வாங்கி, மெல்லிய பூச்சாகப் பூசி, மேலே ஒரு கனமான புத்தகத்தை வைத்து 24 மணி நேரம் விடுங்கள். அதைவிட நல்லது பசையே இல்லாமல் செய்வது. மப்ளரில் இரண்டு சின்ன வெட்டுப் போட்டு, பூவின் காம்புப் பட்டையை உள்ளே நுழைத்துப் பின்னால் முடிந்துவிட்டால் ஆயுசுக்கும் நிற்கும்.

இஸ்திரிப் பெட்டியைக் கிட்டேயே கொண்டு போகாதீர்கள். தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிறவரிடம் மற்றத் துணிகளோடு இதுவும் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கரிப் பெட்டியின் சூட்டுக்கு இது தாங்காது. பெரிய கார்த்திகை அன்று இதைப் போர்த்திக்கொண்டு அகல் விளக்கு ஏற்றவும் வேண்டாம்.

துவைத்ததும் முரடாகிவிட்டது, உருண்டை உருண்டையாகப் பிசிறு

முரடு பெரும்பாலும் தண்ணீரால். போர் தண்ணீரின் உப்பும் சோப்புத் தூளும் சேர்ந்து பஞ்சுக்குள்ளே தங்கிவிடும். நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள், கடைசி வாளியில் இரண்டு ஸ்பூன் வினிகர் விடுங்கள். நிழலில் உலர்த்தி, காய்ந்ததும் மென்மையான பிரஷ்ஷால் ஒரே பக்கமாக நீவுங்கள். அடுத்த முறை தூளைப் பாதியாகக் குறைத்து, குளிர்ந்த தண்ணீரில் துவையுங்கள். கல்லில் அடிக்கவோ முறுக்கிப் பிழியவோ கூடாது.

பிசிறு உரசலால் வருகிறது. ஜீன்ஸோடும் துண்டோடும் சேர்த்து மிஷினில் போட்டால் சீக்கிரம் வரும். பிசிறு எடுக்கும் சின்ன மிஷின் கிடைக்கிறது, அதை அழுத்தாமல் ஓட்டினால் போதும். முடிச்சுக்குப் பக்கத்தில் மட்டும் கொண்டு போகாதீர்கள், பட்டையைக் கடித்துவிடும். இரண்டு தடவை துவைப்பதற்குள் முழுதும் பிசிறு கிளம்பினால் துணியின் தரம் அவ்வளவுதான். லாண்டரியில் கொடுத்தும் காசு வீண். அடுத்த தடவை கடையில் நின்றே துணியின் ஓர் ஓரத்தை விரல்களுக்கு நடுவே வைத்து இருபது முப்பது முறை தேய்த்துப் பார்த்து வாங்குங்கள்.

குழந்தை குஞ்சத்தை வாயில் வைத்துச் சப்புகிறது

இதற்குக் காரணம் தேட வேண்டாம், உடனே போர்வையை எடுத்துவிடுங்கள். பிய்ந்த பட்டை தொண்டையில் அடைக்கும், நீளக் குஞ்சம் விரலிலும் கழுத்திலும் சுற்றும். ஒரு வயது ஆகாத குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வையே வேண்டாம் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். துண்டு எதையாவது விழுங்கி இருமினாலோ மூச்சுத் திணறினாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் தாய்க்குக் கொடுங்கள். இரவில் எழுந்து உட்கார்ந்து பால் கொடுக்கிறவளுக்குத் தோளில் போட்டுக்கொள்ள 60 × 24 அங்குலத்தில் ஒற்றைத் துண்டு, குஞ்சம் இல்லாமல், மூலைகளைச் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்து வளைவாக வெட்டியது. வெட்டி முடிக்கக் கால்மணி நேரம்கூட ஆகாது.